கார் ஸ்டார்ட் ஆகவில்லை: தள்ளுவதா, ஜம்ப் கொடுப்பதா, மெக்கானிக்கா, டோ வண்டியா?

சாவியைத் திருப்பியும் கார் எடுக்கவில்லை என்றால் பக்கத்தில் நிற்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு யோசனை இருக்கும். வாட்ச்மேன், "தள்ளுங்க சார், பிடிச்சுக்கும்" என்பார். எதிர்வீட்டுக்காரர் பேட்டரியை மாற்றச் சொல்வார். சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டால், "டோ பண்ணி அனுப்புங்க, பார்த்துட்டு எஸ்டிமேட் சொல்றோம்" என்பார்கள். அந்தந்தக் கோளாறுக்கு இவை எல்லாமே சரியான யோசனைகள்தான். கோளாறு வேறாக இருந்தால், தள்ளியதில் முதுகுவலி மிஞ்சும், புது பேட்டரியில் சில ஆயிரம் ரூபாய் போகும், டோ செய்ததில் இரண்டு நாள் வண்டி இல்லாமல் அலைய வேண்டும்.

எந்த வழி என்று முடிவு செய்வதற்கு முன் 5 நிமிடம் வண்டியைக் கவனித்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து. ஸ்டார்ட் ஆகாத வண்டி பெரும்பாலும் தன் கோளாறைச் சத்தத்திலேயே சொல்லிவிடுகிறது. நம்மூரில் அதிகம் ஓடுகிற பெட்ரோல் மேனுவல் கார்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். டீசலும் ஆட்டோமேட்டிக்கும் எங்கே வேறுபடுகின்றனவோ அங்கே சொல்கிறேன்.

முதலில் காது கொடுங்கள்

ஏசி, பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஹெட்லைட்டை மட்டும் போடுங்கள். வண்டி சுவரைப் பார்த்து நின்றால் இன்னும் நல்லது, வெளிச்சம் ஏறி இறங்குவது தெளிவாகத் தெரியும். இப்போது சாவியைத் திருப்புங்கள்.

'டிக் டிக் டிக் டிக்' என்று வேகமாக அடித்து, ஹெட்லைட்டும் கூடவே மங்கினால் பேட்டரியில் தெம்பில்லை, இல்லாவிட்டால் டெர்மினல் பிடிப்பு சரியில்லை. எஞ்சினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரில் உள்ள மின்காந்த சுவிட்சான சாலினாய்டை இழுக்கிற அளவுக்கு மின்சாரம் இருக்கிறது, மோட்டாரைச் சுற்றுகிற அளவுக்கு இல்லை. இழுத்ததும் வோல்டேஜ் விழுந்து சாலினாய்டு விட்டுவிடுகிறது, வோல்டேஜ் ஏறியதும் மறுபடி இழுக்கிறது. அந்தப் போராட்டம்தான் காதில் விழும் டிக் டிக். சோம்பேறித்தனமாக இழுத்து இழுத்துச் சுற்றி நின்றுபோனாலும் சந்தேகம் முதலில் பேட்டரி மேல்தான்.

ஒரே ஒரு 'டக்', வெளிச்சம் துளியும் குறையவில்லை. இது பேட்டரி அல்ல, பெரும்பாலும் செல்ஃப் மோட்டார்.

சத்தமே இல்லை, ஆனால் ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது. செல்ஃபுக்குக் கட்டளையே போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் வண்டிகளில் கால்மிதி பெடலுக்கு அடியில் மடங்கிக் கிடந்தாலே இப்படி ஆகும். பெடல் கடைசிவரை இறங்காததால் கிளட்ச் சுவிட்ச் அழுந்தாது. ஆட்டோமேட்டிக்கில் கியர் 'பி'யிலோ 'என்'னிலோ இருக்கிறதா, பிரேக்கில் கால் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டன் ஸ்டார்ட் என்றால் ரிமோட்டுக்குள் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்திருக்கலாம். ரிமோட்டையே ஸ்டார்ட் பட்டன் மேல் ஒட்டவைத்து அழுத்தினால் பல கார்கள் எடுத்துக்கொள்ளும். இதெல்லாம் காசு செலவில்லாத சோதனைகள். இவற்றைச் செய்யாமல் டோ வண்டிக்குப் போன் போடாதீர்கள்.

கடைசி வகை: செல்ஃப் வழக்கம்போலத் தெம்பாகச் சுற்றுகிறது, எஞ்சின்தான் பிடிக்கவில்லை. பேட்டரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்த வண்டிக்கு ஜம்ப் கொடுப்பதும் (இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கேபிள் வழியாகக் கரண்ட் எடுப்பது) தள்ளுவதும் வீண் வேலை, சில சமயம் கெடுதலும்கூட. அதற்கு அப்புறம் வருகிறேன்.

காதோடு, வோல்டேஜ் அளக்கும் ஒரு மல்டிமீட்டரும் இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. எலக்ட்ரிக்கல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதே போதும். இரவெல்லாம் நின்ற வண்டியின் பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 12-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். மீட்டரை அப்படியே பிடித்துக்கொண்டு இன்னொருவரை சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். நிற்கும்போது 12.5 காட்டிய பேட்டரி, செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் அதற்குள் சரக்கு தீர்ந்துவிட்டது. சும்மா நிற்கும்போது காட்டும் எண்ணை மட்டும் பார்த்து "பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுமை ஏறும்போதுதான் உண்மை தெரியும்.

பேட்டரி இறங்கியிருந்தால்: தள்ளுவதா, ஜம்ப் கொடுப்பதா?

தள்ளி ஸ்டார்ட் செய்வது அம்பாசிடர், பத்மினி காலத்திலிருந்து வந்த பழக்கம். கார்புரேட்டர் வண்டிக்கு அது நன்றாகவே வேலை செய்தது. பெட்ரோல் தானாக உறிஞ்சப்படும், ஸ்பார்க்குக்குக் கொஞ்சம் கரண்ட் இருந்தால் போதும். இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் பம்ப், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈசியு மூன்றுக்கும் மின்சாரம் வேண்டும். செல்ஃப் சுற்றுகிற அளவுக்கு இல்லாவிட்டாலும் டேஷ்போர்டு விளக்குகளாவது தெளிவாக எரியவேண்டும். அடியோடு செத்துப்போன பேட்டரியோடு நாலு பேர் தெருமுனைவரை தள்ளினாலும் பிடிக்காது.

தள்ளுவது என்று முடிவெடுத்தால் இக்னிஷன் ஆனில் இருக்கட்டும், இரண்டாவது கியர், கிளட்ச் முழுக்க மிதித்த நிலை. வண்டி ஓரளவு ஓடத் தொடங்கியதும் கிளட்சைச் சட்டென்று விட்டு, எஞ்சின் பிடித்ததும் மறுபடி மிதிக்க வேண்டும். முதல் கியரில் விட்டால் வண்டி குலுங்கி நின்றுவிடும். எஞ்சின் ஓடாதபோது பிரேக் கல்லாகக் கனக்கும், ஸ்டியரிங்கும் இறுகும் என்பதால் இறக்கத்திலும் போக்குவரத்துள்ள ரோட்டிலும் தள்ளுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். ஆட்டோமேட்டிக், ஏஎம்டி (கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றும்) வண்டிகளுக்கு இந்த வழியே கிடையாது. தெருவில் ஆள் இருக்கிறது, ரோடு சமமாக இருக்கிறது, ஜம்பர் கேபிள் இல்லை என்ற நிலைமைக்கு மட்டுமே தள்ளுவது சரி.

ஜம்ப் கொடுப்பது எல்லா விதத்திலும் மேல், முறையாகச் செய்தால். இரண்டு வண்டியும் ஒன்றையொன்று தொடக்கூடாது. சிவப்பு கேபிளின் ஒரு முனை செத்த பேட்டரியின் பிளஸில், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸில். கருப்பு கேபிள் நல்ல பேட்டரியின் மைனஸில், அதன் கடைசி முனை உங்கள் வண்டி எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில், பேட்டரியிலிருந்து தள்ளி. இந்தக் கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசிவதால் பொறி அதன் பக்கத்தில் வரக்கூடாது, அதற்காகத்தான் இந்த வரிசை. உதவிக்கு வந்த வண்டியை ஸ்டார்ட் செய்து சில நிமிடம் ஓடவிட்டு, அப்புறம் உங்கள் வண்டியை முயலுங்கள். எடுத்தபின் மாட்டியதற்கு நேர் எதிர் வரிசையில் கழற்றுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஹைவேயில் வண்டி நின்றால் லாரிக்காரர்கள் நல்ல மனதோடு நிறுத்தி உதவ வருவார்கள். பெரிய லாரி, பஸ் எல்லாம் 24 வோல்ட். அதிலிருந்து 12 வோல்ட் காருக்கு ஜம்ப் எடுத்தால் ஈசியு முதல் மியூசிக் சிஸ்டம்வரை எரிந்துபோகக் கூடும். நன்றி சொல்லிவிட்டு ஒரு காரையோ ஜீப்பையோ நிறுத்துங்கள்.

கேபிள் வாங்கும்போது தடிமனைப் பார்த்து ஏமாறாதீர்கள். மலிவானவற்றில் ரப்பர்தான் தடிமனாக இருக்கும், உள்ளே இருப்பது மெல்லிய கம்பி. செல்ஃப் அடிக்கும்போது சின்ன பெட்ரோல் காரே 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த மெல்லிய கம்பி கையில் சுடும், வண்டி எடுக்காது. இப்போது லித்தியம் பேட்டரி வைத்த கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர்களும் கிடைக்கின்றன. தனியாக வண்டி ஓட்டுகிறவர்களுக்கும், அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் மூக்கு சுவரை ஒட்டி நிறுத்துகிறவர்களுக்கும் கேபிளைவிட இதுதான் நல்ல முதலீடு, இன்னொரு வண்டியின் தயவே வேண்டாம். ஒரே கண்டிஷன், மே மாத வெயிலில் நிற்கும் காருக்குள் அதைப் போட்டுவைக்கக் கூடாது. வீட்டில் வைத்து இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போட்டு, பயணத்தின்போது மட்டும் எடுத்துச் செல்ல வேண்டும்.

சார்ஜ் போடுவதா, புது பேட்டரி வாங்குவதா?

பணம் தேவையில்லாமல் கரையும் இடம் இதுதான். ஜம்ப் கொடுத்து வண்டி எடுத்துவிட்டது. அடுத்து என்ன?

பேட்டரி ஏன் இறங்கியது என்று தெரியாமல் புதியது வாங்கக் கூடாது. உள்விளக்கை அணைக்க மறந்தீர்களா? ஊருக்குப் போய் மூன்று வாரம் வண்டி சும்மா நின்றதா? சாவியை எடுத்த பின்னும் கார் கொஞ்சம் கரண்ட் குடித்துக்கொண்டுதான் இருக்கும், அலாரம், கடிகாரம், ஈசியு நினைவகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து. அது 50 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் நாளுக்கு 1.2 ஆம்பியர் ஹவர். 20 நாளில் 24. சின்ன பெட்ரோல் கார்களில் பரவலாக வரும் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 35 ஆம்பியர் ஹவர்தான். வெளியே பொருத்திய டேஷ்கேம், ஜிபிஎஸ் இருந்தால் கணக்கு இன்னும் மோசம். இப்படி இறங்கிய பேட்டரி வயதில் இளையதாக இருந்தால் அதன் மேல் தவறில்லை, சார்ஜ் போட்டால் போதும்.

அந்த சார்ஜை ஊரைச் சுற்றி ஓட்டி ஏற்றிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சிக்னலில் நின்று நின்று, ஏசி போட்டு 20 நிமிடம் ஓட்டுவதால் அடியோடு இறங்கிய பேட்டரி நிரம்பாது. பேட்டரி கடையில் கழற்றிக் கொடுத்து மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள். 35 ஆம்பியர் ஹவர் பேட்டரிக்கு மூன்றரை ஆம்பியர் அளவில், ஓர் இரவு. அவசரமாக ஏற்றினால் சூடேறித் தகடு கெடும். இறங்கிய நிலையிலேயே நாள்கணக்கில் விட்டாலும் தகட்டில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும், அதற்கப்புறம் அது பழைய அளவு சார்ஜைப் பிடிக்காது.

புதியது வாங்க வேண்டிய தருணம் வேறு. நம் வெயிலில் மூன்று நாலு வருடம் தாண்டிய பேட்டரி, முழு சார்ஜுக்கு அப்புறமும் மறுநாள் காலையில் 12.3-க்குக் கீழே நிற்கிறது, அல்லது செல்ஃப் அடிக்கையில் 9.6-க்குக் கீழே விழுகிறது என்றால் மாற்றிவிடுங்கள். இழுத்தடிப்பதில் லாபமில்லை. பழையதைத் திருப்பிக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். கடைக்காரர் எடுத்துத் தரும் பேட்டரியின் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள், அலமாரியில் ஆறேழு மாதம் கிடந்ததை வாங்காதீர்கள். வாரன்ட்டி கார்டில் முழு மாற்று எத்தனை மாதம், அதற்குப் பின் தள்ளுபடி விலையில் எத்தனை மாதம் என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். '6 வருட வாரன்ட்டி' என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் அதில் பாதி பெரும்பாலும் தள்ளுபடிக் காலம்.

வாங்கும் முன் இன்னும் இரண்டு சோதனை. ஒன்று, எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் இருக்க வேண்டும். 12-லேயே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்கவில்லை. நம் மெக்கானிக்குகள் இன்னும் 'டைனமோ' என்றே சொல்லும் அந்த ஆல்டர்னேட்டரைச் சரிசெய்யாமல் பேட்டரியை மாற்றினால் புதியதும் ஓரிரு நாளில் படுத்துவிடும். இரண்டாவது, டெர்மினல். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடக்கிறதா? 10-ஆம் நம்பர் ஸ்பேனரால் மைனஸை முதலில், பிளஸை அடுத்துக் கழற்றி, சோடா உப்பு கலந்த வெந்நீர் ஊற்றி, உப்புத்தாளால் உள்பக்கம் பளபளக்கத் தேய்த்து, காயவிட்டு மாட்டுங்கள். மாட்டும்போது பிளஸ் முதலில். மேலே கொஞ்சம் வாசலின்.

எங்கள் தெருவில் ஒருவருக்கு ஒரே வருடத்தில் இரண்டு பேட்டரி விற்றிருந்தார்கள். இரண்டாவதும் காலையில் டிக் டிக் என்றது. அப்புறம் வந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒரு பையன், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பேட்டரியைத் தொடவே இல்லை. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை எஞ்சின் பிளாக்கிலும் வைத்துவிட்டு, "சார், இப்ப செல்ஃப் அடிங்க" என்றான். மீட்டர் ஒன்றரை வோல்ட்டைத் தாண்டியது. "பாருங்க சார், இங்க அரை வோல்ட்டுக்கு மேலயே வரக்கூடாது. உங்க எர்த் வயர்தான் தின்னுது." பேட்டரி மைனஸை வண்டியின் உடம்போடு இணைக்கும் அந்த வயரை, வண்டிக்கு அடியில் படுத்து எடுத்துக் காட்டினான். ஷாசியில் போல்ட் போட்ட இடம் துருவேறி, வயரின் பின்னல் பாதி அறுந்து, மீதியும் கருத்துப்போயிருந்தது. புது எர்த் வயருக்கும் கூலிக்கும் ஆனது, ஒரு பேட்டரி விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அன்றிலிருந்து அந்தத் தெருவில் யாருக்கு வண்டி எடுக்காவிட்டாலும் முதல் போன் அவனுக்குத்தான். சோதித்துக் காட்டிவிட்டு விலை சொல்கிற ஆளைக் கண்டுபிடித்து நம்பரைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், அப்படிப்பட்டவர் அருமையானவர்.

செல்ஃப் மோட்டார்: ரிப்பேரா, புதியதா?

ஒற்றை 'டக்' கேட்டால் ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, மற்றவர் செல்ஃப் மோட்டாரின் உடம்பில் ஸ்பேனர் கைப்பிடியால் லேசாகத் தட்டுவது பழைய வித்தை. தட்டும் முன் கியர் நியூட்ரலிலும் ஹேண்ட்பிரேக் மேலேயும் இருக்கட்டும், கையும் துணியும் ஃபேன் பெல்ட் பக்கம் போகக்கூடாது. தட்டியதும் சுற்றினால் உள்ளே கரண்டைக் கடத்தும் கார்பன் தேய்ந்திருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். இது வீடுவரை போய்ச் சேர உதவும், தீர்வு அல்ல.

சர்வீஸ் சென்டரில் முழு மோட்டாரையும் மாற்றச் சொல்வார்கள், அது சில ஆயிரங்களில் தொடங்கும். செல்ஃப், டைனமோ மட்டுமே பார்க்கிற ஷெட் எல்லா ஊரிலும் ஒன்றிரண்டு உண்டு. அங்கே கார்பன், புஷ், தேவைப்பட்டால் சாலினாய்டு மட்டும் மாற்றித் தருவார்கள். மோட்டாருக்குள் சுற்றும் காயிலான ஆர்மேச்சர் எரியாதவரை ரிப்பேர்தான் புத்திசாலித்தனம். ஆர்மேச்சர் எரிந்து கருகல் வாடை வந்தால் காயில் கட்டி ஒப்பேற்றுவதைவிடப் புதியது போடுவது மேல். கட்டியது எப்போது காலை வாரும் என்று சொல்ல முடியாது.

செல்ஃப் அடிக்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

இங்கே முதல் விதி, விடாமல் செல்ஃப் அடிக்காதீர்கள். ஒரு தடவைக்கு 5 விநாடி, அதிகம் போனால் 10. இடையில் அரை நிமிடம் ஓய்வு. அடித்துக்கொண்டே இருந்தால் இருக்கிற பேட்டரியும் போய், ஒரு கோளாறு இரண்டாகும். எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியாக, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் போய்ச் சேர்ந்தால் அதுவும் கெடும். இந்த நிலையில் வண்டியைத் தள்ளக் கூடாது என்று நான் சொன்னதும் இதனால்தான்.

சாவியை ஆனில் வைத்ததும் பின் சீட்டுப் பக்கம் இரண்டு விநாடி 'ம்ம்ம்' என்று மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும். அது பெட்ரோல் பம்ப். கேட்கவில்லை என்றால் பம்ப் ஃபியூஸ், ரிலே, அப்புறம் பம்ப். ஃபியூஸ் பாக்ஸ் மூடியிலேயே எது எதற்கு என்று படம் போட்டிருக்கும். பல சிஎன்ஜி வண்டிகள் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகிவிட்டுத்தான் கேஸுக்கு மாறும். கேஸ்தான் இருக்கிறதே என்று பெட்ரோல் டேங்கை வற்றவிட்டால் காலையில் வண்டி எடுக்காது, பம்பும் காய்ந்து சூடேறும்.

டேஷ்போர்டில் சாவி படம் போட்ட விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை. இரண்டாவது சாவியை எடுத்துப் போட்டுப் பாருங்கள். அதில் எடுத்தால் பெட்ரோல், ஸ்பார்க் என்று யாரும் எதையும் கழற்ற வேண்டியதே இல்லை.

பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால் பெட்ரோல் அளவுக்கு மீறிப் போய் எஞ்சின் 'ஓவர்' ஆகியிருக்கலாம். ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகள் அப்போது பெட்ரோலை நிறுத்திக் காற்றை மட்டும் இழுத்து உள்ளே காயவைக்கும்.

செல்ஃப் சத்தம் திடீரென்று வழக்கத்தைவிட லேசாக, தங்குதடையில்லாமல் 'விர்ர்ர்' என்று கேட்டால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிஸ்டனும் வால்வும் ஒன்றுக்கொன்று இசைந்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கக் கூடும். பல எஞ்சின்களில் பெல்ட் இல்லாமல் சுற்றினால் பிஸ்டன் மேலே வந்து வால்வை இடித்து வளைத்துவிடும். மாருதியின் கே சீரிஸ் போன்றவற்றில் பெல்ட் கிடையாது, செயின்தான், ஆகவே இந்தக் கவலை குறைவு. சான்ட்ரோ ஸிங் மாதிரியான பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். இது ஷெட்டுக்குத் தூக்கிச் செல்ல வேண்டிய கேஸ்.

டீசல் வண்டியில் டீசல் தீர்ந்து நின்றிருந்தால் லைனில் காற்று புகுந்திருக்கும். ஊற்றியதும் உடனே எடுக்காது, ஃபில்டர் மேல் உள்ள கைப்பம்பை அமுக்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும். கைப்பம்ப் இல்லாத காமன்ரெயில் வண்டியை அனுபவமுள்ள டீசல் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது.

தெரு மெக்கானிக்கா, சர்வீஸ் சென்டரா?

செல்ஃப் அடித்தும் பிடிக்காத வண்டிக்கு இந்தக் கேள்வி வந்தே தீரும். வாரன்ட்டியில் உள்ள வண்டி என்றால் யோசிக்கவே வேண்டாம், சர்வீஸ் சென்டர்தான். வெளியாள் வயரில் கைவைத்த அடையாளம் தெரிந்தால் வாரன்ட்டி பேச்சு சிக்கலாகும்.

வாரன்ட்டி முடிந்த வண்டிக்கு நான் ஸ்கேனர் வைத்திருக்கும் உள்ளூர் மெக்கானிக் பக்கம். 2013-க்குப் பின் வந்த கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் ஸ்கேனரை மாட்டினால் கோளாறைக் குறிக்கும் கோட் வரும். பி0335 என்று வந்தால் கிராங்க் சென்சார் சுற்று, எஞ்சின் சுற்றுவதே ஈசியுவுக்குத் தெரியாததால் ஸ்பார்க்கும் பெட்ரோலும் வருவதில்லை. ஆனால் கோட் வந்தவுடன் சென்சாரை மாற்றுகிறவர் மெக்கானிக் அல்ல, பாகம் விற்பவர். சென்சாரா, அதன் வயரா, கனெக்டரில் ஈரமா என்று பார்த்துச் சொல்பவரிடம் கொடுங்கள்.

வயர் என்றதும் எலி. காலி மனைக்கும் குப்பைத்தொட்டிக்கும் பக்கத்தில் நிற்கும் வண்டிகளில் இன்ஜெக்டர் வயரையும் சென்சார் வயரையும் எலி கடிப்பது சர்வசாதாரணம். பானெட்டைத் திறந்ததும் புழுக்கை, கடித்துத் துப்பிய பிளாஸ்டிக் துணுக்கு, பேட்டரி மேல் தேங்காய்ச் சில் கிடந்தால் மேலே தேட வேண்டாம். இதில் இரண்டு வழிக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். சர்வீஸ் சென்டரில் முழு வயரிங் ஹார்னஸையும் மாற்றச் சொல்ல வாய்ப்பு அதிகம். பாகம் வர நாளாகும், செலவும் பெரிது. நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் அறுந்த வயர்களை மட்டும் சால்டர் வைத்து இணைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு அரை நாளில் முடித்துவிடுவார். வெறுமனே முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுகிறவராக இருந்தால் வேண்டாம், எஞ்சின் சூட்டில் டேப் இளகி ஆறு மாதத்தில் அதே தொல்லை திரும்பும். மஞ்சள் நிற வயர், மஞ்சள் கனெக்டர் மட்டும் வெளி மெக்கானிக் யாரும் தொடக்கூடாது, அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. அதற்குச் சர்வீஸ் சென்டர்தான்.

நடுரோட்டில் நின்றால்

வீட்டு வாசலில் நிதானமாக யோசிக்கலாம். ஹைவேயில் பாதுகாப்புதான் முதல் வேலை: வண்டியை ஓரம் கட்டி, ஹசார்ட் விளக்கைப் போட்டு, எச்சரிக்கை முக்கோணத்தைத் தூரத்தில் வைத்து, எல்லோரும் சாலைத் தடுப்புக்கு அப்பால். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 எண்ணுக்கு அழைக்கலாம். கார் கம்பெனியின் ரோட்சைடு அசிஸ்டன்ஸோ இன்ஷூரன்ஸில் சேர்த்து வாங்கியதோ இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஜம்ப் கொடுப்பதும் குறிப்பிட்ட தூரம்வரை டோ செய்வதும் பொதுவாக அதில் அடக்கம், பேட்டரி விலை அடக்கம் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி இரண்டு: எத்தனை கிலோமீட்டர்வரை இலவசம், வருவது காரை முழுதாக மேலே ஏற்றிச் செல்லும் பிளாட்பெட் வண்டியா? ஆட்டோமேட்டிக் காரை எஞ்சின் சுற்றும் சக்கரங்கள் தரையில் உருள இழுத்தால் கியர்பாக்ஸ் கெடும், பிளாட்பெட்டே கேளுங்கள். முன்சக்கரத்தில் இயங்கும் மேனுவல் காருக்கு முன்பக்கத்தைத் தூக்கி இழுத்தாலும் போதும்.

தண்ணீரில் நின்ற வண்டி

2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ எஞ்சின்கள் போனது வெள்ளத்தால் மட்டும் அல்ல, தண்ணீர் வடிந்ததும் "எடுக்குதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பியதாலும்தான். காற்று போகும் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், காற்றைப் போல அதை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வர முயலும், அதைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளையும். சில ஆயிரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை எஞ்சினையே பிரிக்கும் வேலையாகிவிடும்.

ஆகவே சக்கரத்துக்கு மேல் தண்ணீர் ஏறி நின்ற வண்டிக்கு இவ்வளவு நேரம் பேசிய எந்த வழியும் பொருந்தாது. ஜம்ப், தள்ளல், 'ஒரு தடவை மட்டும்' செல்ஃப் எதுவும் வேண்டாம். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, தண்ணீர் ஏறிய கோடு தெரியும்படி உள்ளும் புறமும் போட்டோ எடுத்து, இன்ஷூரன்ஸுக்குத் தகவல் சொல்லி, பிளாட்பெட்டில் ஏற்றுங்கள். வழக்கமான முழு பாலிசி வெள்ளச் சேதத்தை ஏற்கும். ஆனால் தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்தை, எஞ்சின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவர் வாங்காதவர்களுக்குப் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். வேளச்சேரி, முடிச்சூர் மாதிரி தண்ணீர் நிற்கும் பகுதியில் இருப்பவர்கள் புதுப்பிக்கும்போதே அதைச் சேர்த்துவிடுவது நல்லது.

பழக்கமான மெக்கானிக் முதலில் ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்ப்பார். பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் ஆயிலோடு தண்ணீர் கலந்திருக்கிறது. பிளக்குகளைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய பின்தான் அவர் சாவியைத் தொடுவார். இந்த வேலையை உள்ளூர் ஷெட்டிலும் நன்றாகச் செய்யலாம். கிளெய்ம் போடுவதாக இருந்தால் மட்டும், இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து பார்த்து எழுதி முடிக்கும்வரை வண்டியில் ஒரு போல்ட்டையும் கழற்ற விடாதீர்கள்.